நம்பர் பிளேட் கேமராக்களைப் போலீஸ் பயன்படுத்த அமெரிக்காவில் ஏன் கட்டுப்பாடு கேட்கிறார்கள்?

திருட்டு வண்டியைப் பிடிக்கத்தானே இந்தக் கேமரா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிதான், ஆனால் அது கடந்து போகும் எல்லா வண்டிகளின் எண்ணையும் இடம், நேரத்தோடு சேர்த்து வைக்கிறது. சில வாரப் பதிவு கையில் இருந்தால் ஒருவர் எந்த மருத்துவமனைக்குப் போனார், எந்தக் கூட்டத்துக்குப் போனார் என்று தெரிந்துவிடும். பெரும்பாலான இடங்களில் அதைத் தேட நீதிமன்ற அனுமதியும் வேண்டியதில்லை.

அதனால் முதல் கோரிக்கை, பதிவை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், போலீஸ் தேடும் வண்டிகளின் பட்டியலோடு பொருந்தாத எண்ணை 3 நிமிடத்துக்குள் அழித்துவிட வேண்டும். வர்ஜீனியா 2025இல் 21 நாள் என்று வைத்தது. கலிபோர்னியா சட்டமன்றம் அதே ஆண்டு நிறைவேற்றிய 60 நாள் வரம்பை ஆளுநர் நியூசம் ஏற்க மறுத்துவிட்டார்.

அப்புறம், பதிவை மற்ற ஊர்ப் போலீஸோடு பகிர்வது. என் பார்வையில் பெரிய ஓட்டை இதுதான். 2025இல் டெக்சாஸ் ஷெரிஃப் அலுவலகம் (உள்ளூர்ப் போலீஸ்) ஒன்று, கருக்கலைப்பு செய்துகொண்ட ஒரு பெண்ணைத் தேடி நாடு முழுக்க உள்ள கேமராப் பதிவுகளைத் துழாவியது. அவருடைய பாதுகாப்புக்காகத் தேடினோம் என்றது அலுவலகம். அதில் இல்லினாய்ஸ் கேமராக்களும் உண்டு. கருக்கலைப்பு தொடர்பான தேடலுக்குப் பதிவுகளைத் தரக்கூடாது என்று அந்த மாநிலம் 2023இலேயே சட்டம் போட்டிருந்தது! யார், எதற்காகத் தேடினார் என்பதை வெளியாட்கள் தணிக்கை செய்யாதவரை இத்தகைய தடை ஏட்டளவில்தான் நிற்கும்.