ட்ரிப் போட்டதும் நடுக்கம்: குற்றம் கையிலா, பாட்டிலிலா?

கேள்வி: என் மாமனார் ஹெர்னியா ஆபரேஷனுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தார். மூன்றாம் நாள் ட்ரிப் போட்ட கொஞ்ச நேரத்திலேயே உடம்பைத் தூக்கிப்போடும் நடுக்கம், காய்ச்சல். அதே வார்டில் இன்னும் இரண்டு பேருக்கும் இதே கதை. மூவரின் பிளட் கல்ச்சரிலும் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) 'பர்கோல்டேரியா செபேசியா' என்ற கிருமி வந்திருக்கிறது. சிஸ்டர்கள் கை கழுவாததுதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கு நிற்கிறார்கள். சீல் உடைக்காத மருந்திலேயே கிருமி இருக்குமா டாக்டர்?
- வாசகி, தக்கலை

பதில்: இருக்கும். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. முதலில் சொந்தக்காரர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் வந்திருக்கும் கிருமியே ஒரு துப்பு. கையிலிருந்தும் தோலிலிருந்தும் ரத்தத்துக்குள் போகும் வழக்கமான ஆசாமி இது இல்லை. மண்ணிலும் தண்ணீரிலும் கிடப்பது, சத்தே இல்லாத திரவத்திலும் பெருகுவது, சில கிருமிநாசினிக் கரைசல்களில்கூட உயிரோடு இருப்பது. இப்படி ஒன்று ஒரே வார்டில், ஒரே சமயத்தில் மூன்று பேருக்கு வந்தால் எந்த மைக்ரோபயாலஜிஸ்டும் முதலில் தேடுவது, மூவர் உடம்புக்குள்ளும் போன ஏதோ ஒரு திரவத்தை.

எப்படித் தேடுவார்கள்? நோயாளி வாரியாக ஒரு பட்டியல்: எந்தக் கட்டில், எந்த மணிக்கு நடுக்கம், ட்ரிப் ஏற்றக் கையில் குத்தி வைக்கும் வென்ஃப்ளான் போட்டது எப்போது, என்னென்ன ஊசி, ஒவ்வொன்றின் பேட்ச் நம்பர் (ஒரே தடவையில் தயாரித்த மருந்துக்கெல்லாம் கம்பெனி போடும் எண்). அதோடு நிறுத்தினால் ஒன்றும் தேறாது. நம் நாஞ்சில் நாட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வயிற்றுப்போக்கு வந்தால், வந்தவர்கள் எல்லாரும் போளி பாயசம் சாப்பிட்டிருந்தார்கள் என்பதை வைத்துப் பாயசத்தைக் குற்றம் சொல்ல முடியுமா? சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர்கள் எத்தனை பேர், சாப்பிடாமலே வயிற்றுப்போக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டாமா? அதே மாதிரி, அந்த வார்டில் காய்ச்சல் வராதவர்களின் கேஸ் ஷீட்டையும் எடுத்து ஒப்பிட வேண்டும். பல இடங்களில் விட்டுப்போவது இந்த வேலைதான்.

அப்புறம்தான் பாட்டில். திறந்த பாட்டிலில் கிருமி இருந்தால் அது வார்டிலேயே போயிருக்கலாம். ஸ்டோரில் இருக்கும் அதே பேட்ச், சீல் உடைக்காத பாட்டில்களிலும் அதே கிருமி வளர்ந்து, மரபணுப் பரிசோதனையில் நோயாளியின் ரத்தத்தில் கிடைத்ததோடு பொருந்தினால் கம்பெனி பக்கம் விரல் நீட்டலாம். நாலு பாட்டில் சுத்தமாக வந்துவிட்டது என்று பேட்சையே விடுவித்துவிடவும் கூடாது, எல்லா பாட்டிலிலும் கிருமி இருக்கும் என்று இல்லை.

1970-71இல் அமெரிக்காவில் 25 மருத்துவமனைகளில் 378 பேருக்கு ரத்தத்தில் கிருமி ஏறியது. சுற்றிச் சுற்றிப் பார்த்தால் காரணம் ட்ரிப் பாட்டிலின் மூடி! மூடியின் உள் அட்டையில் இருந்த கிருமி, மூடியைத் திறந்து மூடும்போது திரவத்துக்குள் போயிருக்கிறது. அந்த பாட்டில்களைத் திரும்பப் பெற்ற பிறகுதான் ஓய்ந்தது. மும்பையிலும் ஒரு கீமோதெரபி டே கேரில், நீங்கள் சொல்லும் இதே கிருமி, வாந்தியைத் தடுக்கும் ஊசி மருந்திலேயே இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது.

ஆனாலும் வார்டை முழுசாகத் தப்பவிட மாட்டேன். ஒரு சலைன் பாட்டிலின் ரப்பரில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, வென்ஃப்ளான் அடைக்காமல் இருக்கக் காலையிலிருந்து ராத்திரி வரை எல்லாக் கட்டிலுக்கும் அதிலிருந்தே உறிஞ்சிப் போடும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. பாட்டில் கம்பெனியிலிருந்து சுத்தமாக வந்திருந்தாலும் மூன்று பேர் நடுங்க இது ஒன்று போதும்.

கேள்வி: நான் ஸ்டாஃப் நர்ஸ். ஒரே வாரத்தில் எங்கள் வார்டில் பல பேருக்கு கல்ச்சர் பாசிட்டிவ், எல்லாம் ஒரே கிருமி. ஆனால் பாதிப் பேர் நன்றாக நடமாடுகிறார்கள், காய்ச்சலே இல்லை. லேப் தப்பா?
- வாசகி, குளச்சல்

பதில்: லேப் தப்பாக இல்லாமலும் இருக்கலாம். கிருமி ரத்தத்தில் இல்லாமல், ரத்தம் எடுக்கும் வழியில் இருந்து கல்ச்சர் பாட்டிலுக்குள் போவது உண்டு. தோலைத் துடைக்கும் போவிடோன் அயோடினிலேயே செபேசியா இருந்து ஊரையே ஏமாற்றியது அமெரிக்காவில் 1980 வாக்கில் நடந்தது. இன்னொன்று உங்கள் கையில் இருக்கிறது: ஒரே சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தை முதலில் மற்ற ட்யூப்களில் விட்டு, மிச்சத்தைக் கல்ச்சர் பாட்டிலில் விடுகிறீர்களா? ட்யூபின் விளிம்பில் இருப்பது ஊசியில் ஒட்டிக்கொண்டு வரும். கல்ச்சர் பாட்டில்தான் எப்போதும் முதலில். இது தெரியாமல் நன்றாக இருப்பவர்களுக்கெல்லாம் விலை உயர்ந்த ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருக்கும், பாவம்.

கேள்வி: சந்தேகம் வந்தால் நாங்கள் யாரிடம் போவது?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: முதலில், பாதி இறங்கிய பாட்டிலைக் கொட்ட விடாதீர்கள். ட்யூபோடு அப்படியே க்ளாம்ப் போட்டு, சுத்தமான கவரில் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லி டியூட்டி டாக்டரிடம் எழுதிக் கொடுங்கள். மருந்தால் வந்த பாதிப்பைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது, பொதுமக்களே பேசலாம். மாவட்ட மருந்து ஆய்வாளரிடமும் மனு கொடுக்கலாம். 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, நீங்கள் வாங்கிய மருந்தைக் கட்டணம் கட்டி அரசு மருந்துப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்க உங்களுக்கே உரிமை உண்டு.

மெடிக்கல் பில்லில் பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் தூக்கிப் போடாதீர்கள். 2004-05இல் அமெரிக்காவில் கிருமி கலந்த ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சிரிஞ்ச் போட்டவர்களில், கீமோ மாதிரி மருந்து ஏற்ற நெஞ்சுப் பக்கம் தோலுக்கடியில் பதிக்கும் போர்ட் வைத்திருந்த சிலருக்குக் காய்ச்சல் வந்தது மாதங்கள் கழித்து, அதுவும் அந்தச் சிரிஞ்சையெல்லாம் திரும்பப் பெற்ற பிறகு. வீட்டில் கீமோ நோயாளி இருந்தால் ஒரு வருஷத்துக்காவது அந்தப் பில்களை ஃபைலில் வையுங்கள்.