புதர் மலை ஏறியபின் காய்ச்சல்: இடுப்பில் இருக்கும் கறுப்புப் பொருக்கு என்ன?

கேள்வி: எனக்கு வயது 34. சென்ற மாதம் நண்பர்கள் மூவருடன் ஜவ்வாது மலைப் பகுதியில் ஒரு குன்றின் மேல் ஏறினேன். பாதியிலேயே ஒற்றையடிப் பாதை மறைந்துவிட்டதால், உண்ணிச்செடிப் புதர்களையும் சூரைமுள்ளையும் விலக்கிக்கொண்டு, செங்குத்தான சரிவில் கையை ஊன்றித்தான் உச்சிக்குப் போனோம். 11 நாள் கழித்துக் காய்ச்சலும் கடுமையான தலைவலியும் தொடங்கின. டெங்கு, மலேரியா இல்லை என்று பரிசோதனையில் வந்தது. மருந்துக் கடையில் கொடுத்த அமாக்சிசிலினை 3 நாள் சாப்பிட்டும், 5ஆம் நாளாகக் காய்ச்சல் 103 டிகிரிக்குக் குறையவில்லை. பெல்ட் கட்டும் இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு இருப்பதை மனைவி நேற்றுப் பார்த்தார். வலியோ அரிப்போ இல்லை. முள் கிழித்த புண்ணா இது? உடன் வந்தவர்களும் மாத்திரை சாப்பிட வேண்டுமா?
- வாசகர், திருப்பத்தூர் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதம் வந்த அன்றே, அந்தப் பொருக்கை உடனே ஒரு மருத்துவரிடம் காட்டும்படி சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்ற வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் காரணத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

புதரில் நடமாட்டம், 11 நாள் இடைவெளி, விடாத காய்ச்சல், வலியில்லாத கறுப்புப் பொருக்கு ஆகிய நான்கும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், நம் வட மாவட்டங்களில் முதலில் நினைக்க வேண்டிய நோய் ஸ்க்ரப் டைபஸ். செய்தித்தாள்கள் இதை ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுகின்றன. எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் உப்பிப்போய் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணியை மனத்தில் வைத்துக்கொண்டு, “எந்த உண்ணியும் என்னைக் கடிக்கவில்லையே” என்று நோயாளிகள் அடித்துச் சொல்வதற்கு அந்தப் பெயரே காரணமாகிவிடுகிறது. உண்மையில் இந்த நோயைப் பரப்புவது மைட் எனப்படும் நுண்ணிய பூச்சியின் குஞ்சு. அதற்கு ஆறு கால்கள். நீளம் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். கடித்தால் வலிக்காது, கண்ணுக்கும் எளிதில் தட்டுப்படாது. அதன் உமிழ்நீர் வழியாக ‘ஓரியன்ஷியா சுட்சுகமுஷி’ என்ற பாக்டீரியா உடலுக்குள் நுழைகிறது.

காட்டு எலிகள் உலவும் புதர்களின் அடியில், ஈரமண்ணிலும் சருகிலும் இந்தக் குஞ்சுகள் கூட்டமாக இருக்கும். புல் நுனிக்கோ தாழ்ந்த இலைக்கோ ஏறி, கடந்து செல்லும் உயிருக்காகக் காத்திருக்கும். வழக்கமான பாதையில் நடப்பவருடைய உடலில் பாதம் மட்டுமே தரையில் படுகிறது. பாதையில்லாத சரிவில் ஏறுபவரோ புதரைப் பிடித்து இழுக்கிறார், முழங்காலை ஊன்றுகிறார், மூச்சு வாங்கும்போது சருகின் மேலேயே உட்காருகிறார், இறங்கும்போது பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டே சறுக்குகிறார். உடலில் தொற்றிக்கொண்ட குஞ்சு, ஆடை இறுக்கமாக இருக்கும் இடம் வரை ஊர்ந்துபோய் அங்கே கடிப்பது வழக்கம். உங்களுக்குப் பெல்ட் கட்டும் இடத்தில் புண் வந்திருப்பதும் அதனோடு பொருந்துகிறது.

முள் கிழித்த காயம் கோடாக இருக்கும், தொட்டால் வலிக்கும், சீழ் பிடித்தால் சூடாகவும் இருக்கும். ஸ்க்ரப் டைபஸ் புண்ணோ வட்டமாக, அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில், நடுவில் கறுத்து, சுற்றிலும் சிவந்த விளிம்போடு, சிகரெட்டால் சுட்டதுபோல் இருக்கும். அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடி, விதைப்பை போன்ற ஈரமான இடங்களில் கறுப்புப் பொருக்கு இல்லாமல் வெறும் ஆழமற்ற புண்ணாகவே இருந்துவிடுவதும் உண்டு. ஆறு நாளாகக் காய்ச்சலோடு மூன்று இடங்களில் காட்டிவிட்டு என்னிடம் வந்த ஒருவருக்கு, உள்ளாடையைக் கழற்றச் சொன்ன பிறகே தொடை இடுக்கில் புண் தெரிந்தது. கூச்சம் நோயாளிக்கு மட்டுமல்ல, நேரமில்லாத மருத்துவருக்கும் வசதியாகிவிடுகிறது. புண் இல்லாமலும் இந்த நோய் வரலாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் சாப்பிட்ட அமாக்சிசிலின் பயன்படாமல் போனதில் வியப்பில்லை. இந்தக் கிருமி நம் உடலின் செல்களுக்கு உள்ளேயே வாழ்வதால், பென்சிலின் வகை மருந்துகள் இதைக் கொல்வதில்லை. கேட்கும் மருந்து டாக்சிசைக்ளின்; பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, 7 நாள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருவோம். டாக்சிசைக்ளினை ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண்ணாகும். பெரும்பாலோருக்கு 48 மணி நேரத்திற்குள் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்காவிட்டால் நோய் வேறாக இருக்குமோ என்று மருத்துவர் மறுபடி யோசிக்க வேண்டும்.

ஐ.ஜி.எம். எலைசா என்னும் ரத்தப் பரிசோதனையால் நோயை உறுதி செய்யலாம். ஆனால் முதல் சில நாட்களில் அது ‘இல்லை’ என்று காட்டக்கூடும் என்பதால், இத்தகைய புண்ணைப் பார்த்த பிறகு முடிவு வரும்வரை மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. டெங்குவைப் போலவே இந்த நோயிலும் ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறையும்; அதை மட்டும் பார்த்து டெங்கு என்று முடிவு செய்து மருந்தைத் தவறவிட்ட குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

மூச்சுத் திணறல், பேச்சில் குழப்பம், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல், நிற்காத வாந்தி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாத்திரையோடு வீட்டில் இருக்காமல் மருத்துவமனையில் சேர வேண்டும். நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடச் சிறந்தது என்பதை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

அடுத்த முறை போவதென்றால், முதலில் வனத்துறையின் அனுமதி பெற்ற பாதையில் போங்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததை நாம் மறந்துவிட முடியாது. முழுக்கைச் சட்டை அணிந்து, கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். பூச்சி விரட்டிக் களிம்பு உதவும். உட்கார ஒரு விரிப்பு கொண்டுபோங்கள். வியர்த்த சட்டையைப் புதர்மேல் காயப்போடாதீர்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளிப்பதற்குத் தனிப் பலன் உண்டு. ஏனெனில் குஞ்சு உடலில் ஏறியதும் கடிப்பதில்லை, கடித்த பிறகும் கிருமி இறங்கச் சில மணி நேரம் ஆகும்.

நண்பர்களைப் பொறுத்தவரை, இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது; நலமாக இருப்பவர்களுக்கு இப்போது மாத்திரை தேவையில்லை. ஆனால் உங்களோடு அதே புதரில் ஏறியவர்கள் என்பதால், மலையேறிய நாளிலிருந்து மூன்று வாரத்திற்குள் அவர்களில் யாருக்கேனும் காய்ச்சல் தொடங்கியிருந்தால், உடல் முழுவதும் புண் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, புதர்க்காட்டுக்குள் போய்வந்த தேதியை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.