ஒளி தள்ளத்தானே செய்யும்? பிறகு லேசர் கவ்வி (குவித்த லேசர் கற்றையால் நுண்துகளைப் பிடிக்கும் கருவி) துகளை எப்படிப் பிடித்து வைக்கிறது?

தள்ளுவதும் உண்டு, இழுப்பதும் உண்டு. எது வெல்கிறது என்பதுதான் விஷயம்.

நீரில் மிதக்கும் ஒரு மைக்ரான் சிலிக்கா மணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிவிலகல் எண் நீருக்கு 1.33, மணிக்குச் சுமார் 1.45. மணிக்குள் புகும் கதிர் வளையும்போது அதன் உந்தம் திசை மாறுகிறது. அதற்கு ஈடான எதிர் உந்தம் மணிக்குக் கிடைக்கிறது. வெளிச்சம் மிகுந்த பக்கத்துக் கதிர்களுக்கு வலு அதிகம். அதனால் மணி குவியத்தை நோக்கி நகரும். (காற்றுக் குமிழியின் எண் நீரைவிடக் குறைவு, அது விலக்கப்படும்.)

பக்கவாட்டில் பிடிப்பது எளிது. தகராறு கற்றையின் திசையில்தான், ஏனெனில் சிதறும் ஒளி மணியை முன்னே தள்ளுகிறது. அதை வெல்ல, ஓரக் கதிர்கள் மிகச் சாய்வாக வந்து குவிய வேண்டும்: எண் துளை (எவ்வளவு சாய்வான கதிர்களை லென்ஸ் குவிக்கும் என்பதன் அளவு, NA) 1.2 அல்லது அதற்கு மேல் உள்ள நுண்ணோக்கிப் பொருளருகு லென்ஸ், லேசர் நுழையும் அதன் பின்துளையை நிரப்பும் அளவுக்கு விரித்த கற்றை. மணி நடுவுக்கு வந்துவிட்டுக் குவியத்தைத் தாண்டி ஓடுகிறதா? முதலில் கற்றையின் அகலத்தைப் பாருங்கள். லேசர் திறனைக் கூட்டிப் பயனில்லை. இழுக்கும் விசை, தள்ளும் விசை இரண்டும் ஒரே விகிதத்தில்தான் கூடும்.

எண்ணெய் லென்ஸ் (லென்ஸுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் இடையே எண்ணெய் இட்டுப் பயன்படுத்துவது) என்றால் கண்ணாடித் தகட்டை ஒட்டியே வேலை செய்யுங்கள். நீருக்குள் ஆழம் போகப் போகக் கோளப் பிறழ்ச்சி (ஓரக் கதிர்களும் நடுக் கதிர்களும் ஒரே புள்ளியில் குவியாத குறை) குவியத்தைச் சிதைத்துவிடும்.