பின்னா, பசையா, தையலா? புத்தக பைண்டிங் பற்றிக் கேள்வி பதில்

பைண்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து பலரும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். எல்லோருக்கும் பயன்படட்டுமே என்று பொதுவில் கேட்கச் சொன்னேன். வந்த கேள்விகளும் பதில்களும் இதோ.

திருநெல்வேலி வாசகர்: புது நாவல் வாங்கி இரண்டாம் முறை படிப்பதற்குள் நடுவில் பிளந்து தாள் கையோடு வந்துவிடுகிறது. பதிப்பகம் ஏமாற்றுகிறதா?

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். உங்களிடம் இருப்பது பெர்ஃபெக்ட் பைண்டிங். அச்சான ஷீட்டை 16 பக்க ஃபாரமாக மடித்து வரிசையாக அடுக்குவார்கள். அதுவரை மடிப்பு இருக்கும். அதன்பின் மெஷின், முதுகுப் பக்கத்தை இரண்டு மூன்று மில்லிமீட்டர் சீவித் தள்ளிவிடும். சீவிய இடத்தைச் சொரசொரப்பாக்கி, சுமார் 170 டிகிரியில் உருகிய ஹாட் மெல்ட் பசையைத் தடவி, மேலட்டையைச் சுற்றி அழுத்தினால் புத்தகம் தயார். சீவியபோதே மடிப்பு போய்விட்டது. இனி ஒவ்வொரு தாளும் தனித்தாள். அதன் ஓரத்தில் பிடித்திருக்கும் மெல்லிய பசைதான் அதற்கு ஒரே ஆதாரம்.

இந்த முறையிலும் ஒழுங்காகச் செய்த புத்தகம் பல வருடம் உழைக்கும். சீவியது போதாமல் இருந்தாலோ, பசை சரியான சூட்டுக்கு வருமுன் ஓட்டினாலோ, வழவழப்பான ஆர்ட் பேப்பராக இருந்தாலோதான் சீக்கிரம் கழன்று வரும். ஆர்ட் பேப்பரின் மேற்பூச்சு பசையை நாருக்குள் போகவிடாது.

புதுப் புத்தகத்தை எடுத்ததும் நடுவில் விரித்து அழுத்தாதீர்கள். மேசையில் முதுகு படும்படி நிறுத்தி, முன்னால் சில தாள், பின்னால் சில தாள் என மாறி மாறித் திறந்து, ஓரத்தை விரலால் மெதுவாக நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். பசை ஒரே இடத்தில் முறியாமல் முழு முதுகும் சேர்ந்து வளையும்.

அதே வாசகர்: தைத்த புத்தகத்தைக் கடையில் நின்றபடியே எப்படிக் கண்டுபிடிப்பது?

புத்தகத்தை மூடிப் பிடித்து, முதுகின் மேல் விளிம்பை உற்றுப் பாருங்கள். சின்னச் சின்ன மடிப்புகள் வரிசையாக வளைந்து தெரிந்தால் ஃபாரம் உயிரோடு இருக்கிறது. நேர்கோடாக வெட்டிய தாளும் பசையும் மட்டும் தெரிந்தால் ஒட்டியது. மடிப்பு தெரிந்தால் ஒரு ஃபாரத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். மடிப்பின் உள்ளே நூல் ஓடும்.

கெட்டி அட்டையைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே வெறும் பசைக்கட்டு இருக்க, மேலே கெட்டி அட்டை போட்டு விற்பது இன்று சகஜம். முதுகின் மேலும் கீழும் தெரியும் வண்ணப் பட்டைகூட, ஒரு காலத்தில் தாளோடு சேர்த்துத் தைத்தது, இப்போது அலங்காரத்துக்கு ஒட்டுவது. கெட்டி அட்டை போட்டு ஒட்டியதா, மெல்லிய அட்டை போட்டுத் தைத்ததா என்று வந்தால், நான் இரண்டாவதற்குத்தான் காசு கொடுப்பேன். மடிப்பு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்துத் தைக்கலாம், அட்டையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

கும்பகோணம் வாசகி: அம்மா பல வருடமாக வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார். சில முழு இதழ்களும் உண்டு. பைண்ட் பண்ணக் கொடுக்கலாமா? எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

கட்டாயம் கொடுங்கள். ஆனால் இரண்டையும் கலக்காதீர்கள். இரண்டுக்கும் வேலை வேறு.

முதலில் முழு இதழ்கள். சென்டர் பின், அதாவது நடு மடிப்பில் கம்பிப் பின், அடித்த வார இதழ் என்பது முழுவதும் ஒரே மடிப்பு, ஒரே ஃபாரம். தையலுக்கு இதைவிடத் தோதான பொருள் கிடையாது. ஆனால் பெரும்பாலான கடைகளில், இதழ்களை அடுக்கி, ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளித் துளைபோட்டு, மேலிருந்து கீழாகக் குத்துத் தையல் போட்டுவிடுவார்கள். கட்டு இறுகி நிற்கும், ஆனால் திறக்காது. உள் ஓரத்து எழுத்தைப் படிக்க இழுப்பீர்கள். பழைய தாள் தையலோரமாகவே கிழியும். ஆகவே கடையில், "மடிப்புக்குள் தைத்துக் கொடுங்கள், நாடா வைத்துத் தையுங்கள், குத்துத் தையல் வேண்டாம்" என்று சொல்லுங்கள். கூலி கூடும். கொடுக்கலாம்.

பின்னை நீங்களே எடுத்துவைத்தால் நல்லது. நடுப்பக்கத்தைத் திறந்து, மழுங்கிய மெல்லிய கத்தியால் பின்னின் இரண்டு கால்களையும் நிமிர்த்துங்கள். பிறகு வெளிப்பக்கமிருந்து நேராக உருவுங்கள். துருப்பிடித்த பின்னைப் பிடித்து இழுத்தால் தாளும் சேர்ந்து வரும். ஆறு மாத இதழ்களுக்கு ஒரு கட்டு போதும். மடிப்புதோறும் நூல் ஏறுவதால் முதுகு மட்டும் தடித்துக்கொண்டே போகும். ஒரு வருடத்தை ஒரே கட்டில் அடக்கினால் புத்தகம் ஆப்பு வடிவத்துக்கு வந்துவிடும்.

இனி, தனியாக எடுத்த பக்கங்கள். சென்டர் பின் இதழில், நடுப்பக்கம் தவிர, அடுத்தடுத்த தாள்கள் வெவ்வேறு ஷீட்டைச் சேர்ந்தவை. அதனால் அம்மாவிடம் இருப்பவை பெரும்பாலும் ஒற்றைத் தாள்களாகத்தான் இருக்கும். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வெற்றிடம் இருந்தால் குத்துத் தையலே போதும். எழுத்து ஓரம்வரை வந்தால், இரண்டிரண்டு தாளை ஒரு மெல்லிய தாள்பட்டையால் இணைத்துப் புதிதாக மடிப்பு உண்டாக்கி, பிறகு தைக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலை. ஓவியங்களோடு அம்மா சேர்த்து வைத்த பக்கங்கள் என்பதால், என்னிடம் வந்தால் இப்படித்தான் செய்வேன்.

இன்னொன்று, இதைத் தாளில் எழுதிக் கட்டோடு வையுங்கள்: "ஓரம் வெட்ட வேண்டாம்." கட்டிங் மெஷினில் ஒரு முறை வைத்தால் பக்க எண்ணும் படத்தின் ஓரமும் போய்விடும். திரும்ப வராது.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு சிற்றிதழ் ஆசிரியர்: 64 பக்கம், 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ என்ற சாதா அச்சுத் தாள். சென்டர் பின்னா, பெர்ஃபெக்டா?

சென்டர் பின். 64 பக்கம் என்றால் 32 தாள். ஒரு தாள் சுமார் 0.09 மில்லிமீட்டர், ஆக முதுகு மூன்று மில்லிமீட்டரைத் தொடாது. பசைக்கு அவ்வளவு சின்ன இடத்தில் பிடிமானம் இல்லை. முதுகில் பெயர் போடும் ஆசைக்காக இதழின் ஆயுளைக் குறைக்காதீர்கள்.

பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக இருக்கட்டும். 16 ஷீட் ஒன்றுக்குள் ஒன்றாக மடிவதால் உள் ஷீட் வெளி ஷீட்டைவிடச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே துருத்தும்; வெட்டும்போது அந்த அளவு நடுப்பக்கங்களில் குறையும். பக்க எண்ணை ஓரத்தில் ஒட்டினாற்போல் வைக்க வேண்டாம் என்று லேஅவுட் செய்பவரிடம் சொல்லுங்கள். உங்களுக்குக் கடல் காற்று வேறு. துத்தநாகம் பூசிய கம்பியா என்று பிரஸ்ஸில் கேட்டுவிடுங்கள். சந்தாதாரர் பிரதிகள் குறைவு என்றால் பின்னே வேண்டாம், நடுவில் மூன்று துளை போட்டு நூலால் கட்டுங்கள்.

ஆராய்ச்சி மாணவி, கோவை: ஆய்வேட்டுக்கு ஸ்பைரல் போதுமா?

வழிகாட்டியிடம் திருத்தத்துக்குக் கொடுக்கும் பிரதிக்கு ஸ்பைரல் அருமை. முழுதாக மடங்கும், தாளை மாற்றலாம். நூலகத்தில் நிற்கப்போகும் பிரதிக்குக் கெட்டி அட்டைதான். இடது மார்ஜின் ஒன்றரை அங்குலம் விட்டு அச்செடுங்கள். தனித்தாள்களைப் பெரும்பாலும் குத்துத் தையலில்தான் கட்டுவார்கள், ஓரம் தையலுக்குள் போகும்.

புகைப்படக்காரர்: பியூஆர் (பாலியூரித்தேன்) பசை நல்லது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. வழக்கமான ஹாட் மெல்ட் ஆறினால் இறுகும், சூடேறினால் மறுபடி இளகும். வெயிலில் நிறுத்திய காரில் புத்தகத்தை விட்டுவைத்தவர்களுக்கு இது தெரியும். பியூஆர் சுமார் 120 டிகிரியிலேயே பூசப்படுகிறது. பிறகு காற்றின் ஈரத்தை வாங்கி வேதிமாற்றம் அடைந்து இறுகுகிறது. அதற்கப்புறம் இளகாது. முழு பலம் வர ஒரு நாளாவது ஆகும், பைண்ட் ஆன அன்றே இழுத்துப் பார்க்கக் கூடாது. ஆர்ட் பேப்பரில் படப்புத்தகம் போடுகிறவர்கள் தையல் அல்லது பியூஆர், இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

சொந்தமாகக் கவிதைத் தொகுப்பு போட்டவர், சேலம்: என் புத்தகம் விறைப்பாக இருக்கிறது. கையை எடுத்தால் பட்டென்று மூடிக்கொள்கிறது. தாளும் ஓரத்தில் அலை அலையாக நெளிகிறது. பசைக் கோளாறா?

தாள் கிரெயின் கோளாறு. காகித மெஷினில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுக்கும். அந்தத் திசை புத்தகத்தின் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் தாள் வளைய மறுக்கும். ஈரம் பட்டால் தாள் நாருக்குக் குறுக்கு வாக்கில்தான் அதிகம் விரியும். உங்கள் புத்தகத்தில் அது முதுகின் நீளவாக்கு. பசை அங்கே விரியவிடாமல் பிடித்திருக்க, மற்ற இடம் விரிந்து நெளிகிறது.

சோதிப்பது எளிது. வீணான தாளில் சதுரமாக ஒரு துண்டு வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் ஈரத் துணியால் துடையுங்கள். உடனே குழலாகச் சுருளும். குழலின் நீளம் எந்தத் திசையோ, அதுவே கிரெயின். கிழித்தும் பார்க்கலாம்: கிரெயின் வாக்கில் நேராகக் கிழியும், குறுக்கே கோணல் மாணலாகப் போகும்.

அச்சான பிரதிகளுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அடுத்த பதிப்பில், தாள் வாங்கும் முன்பே கிரெயின் முதுகுக்கு இணையாக வருமா என்று பிரஸ்ஸில் கேளுங்கள். பலர் தாள் மிச்சமாகிறது என்று திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆறாத விஷயம் இது. காசு அதிகம் செலவாகாத இடத்தில் புத்தகம் கெட்டுப்போகிறது.

ஆசிரியை, தஞ்சாவூர்: பள்ளி நூலகத்தில் கழன்ற புத்தகங்கள் நிறைய. நாங்களே ஒட்டலாமா? செல்லோ டேப் போடுகிறோம்.

செல்லோ டேப் மட்டும் வேண்டாம். மஞ்சளாகிக் காய்ந்து உதிரும், அதன் பிசின் தாளில் ஊறி நிரந்தரக் கறையாகும்.

ஒட்டுக்கட்டுப் புத்தகத்தை நீங்களே சரிசெய்யலாம். மேலட்டையைப் பத்திரமாகக் கழற்றுங்கள். முதுகில் இருக்கும் பழைய பசையை ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கினால் இளகி உரிந்து வரும். தாள்களை வரிசைப்படுத்தி, முதுகையும் தலைப்பக்கத்தையும் மேசையில் தட்டிச் சமப்படுத்துங்கள். இரண்டு பலகைக்கு நடுவே வைத்து இறுக்குங்கள். முதுகுப் பக்கம் இரண்டு சென்டிமீட்டர் வெளியே நீட்டியிருக்கட்டும்.

இனிதான் முக்கியம். நீட்டியிருக்கும் தாள்களை ஒரு பக்கமாகச் சாய்த்து விசிறியாக விரித்து, ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையைப் பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவுங்கள். எதிர்ப்பக்கம் சாய்த்து மறுபடி தடவுங்கள். இப்போது பசை தாளின் விளிம்பில் மட்டுமில்லாமல் இரு முகத்திலும் மயிரிழை அளவு ஏறியிருக்கும். அந்த மயிரிழைதான் தாளைப் பிடித்து நிறுத்துவது. நேராக நிமிர்த்தி, முதுகின்மேல் மெல்லிய மல் துணிப் பட்டையை ஒட்டி, இருபுறமும் இரண்டு சென்டிமீட்டர் தொங்கவிடுங்கள். இரவு முழுவதும் பாரத்தில் இருக்கட்டும். காலையில் துணியின் தொங்கலோடு சேர்த்து அட்டையை ஒட்டுங்கள். இந்த விசிறி முறையை 1930களில் ஜெர்மனியில் பரப்பியவர் எமில் லும்பெக். அங்கே இன்றும் இந்த வேலைக்கு அவர் பெயர்தான்.

அரிய பழைய புத்தகத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். வெள்ளைப் பசை காய்ந்தால் பிறகு எடுக்க முடியாது. அதற்கு மாவுப் பசை, பழகிய கை, இரண்டும் வேண்டும்.

ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளி, சிவகாசி: அந்தக் காலத்தில் மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவோம். இப்போது யாரும் போடுவதில்லையே, தம்பி?

ஆமாம் ஐயா, பூச்சிக்குப் பயந்துதான் போட்டார்கள். வெள்ளிப்பூச்சிக்கு மாவுப் பசை பிடித்தமான தீனி. ஆனால் துத்தம் விஷம். அதிலுள்ள செம்பு நாளடைவில் தாளையும் பழுப்பாக்கி நொறுங்க வைக்கும். இப்போது நான் பசையை அன்றன்றைக்குக் காய்ச்சி, மெல்லிசாகத் தடவி, நன்றாக உலரவிடுகிறேன். அலமாரியில் ஈரமும் புழுதியும் சேராமல் இருந்தாலே பூச்சி பெரும்பாலும் அண்டாது.

கல்லூரி மாணவர், மதுரை: ஓலைச்சுவடியும் ஒருவகை பைண்டிங்தானா?

நிச்சயமாக. ஓலையில் துளையிட்டு, ஒரு துளையில் நாராசம் என்ற குச்சியைச் செருகி, இன்னொன்றில் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டுவார்கள். ஓலையை மடித்தால் முறியும். அதனால் அதில் மடிப்புத் தையலுக்கு வழியே இல்லை. மடிப்பில் தைக்கும் முறைக்குப் பழைய சாட்சி வேண்டுமானால் எகிப்தைப் பாருங்கள். 1945இல் நாக் ஹம்மாதியில் கிடைத்த, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் நூல்களில் பெரும்பாலானவை, ஒரே கட்டாக மடித்து நடுவில் தைத்துத் தோல் உறை போட்டவை. நம் வார இதழின் அமைப்பு அதேதான்.

ஒரு அப்பா, திருச்சி: மகளுக்குப் பன்னிரண்டு வயது. பைண்டிங் கற்க ஆசைப்படுகிறாள். எதில் தொடங்கலாம்?

நல்ல ஆசை. மின்சார ஆய்வில் பெயர்பெற்ற விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே, லண்டனில் பைண்டரிடம் தொழில் பழகிய பையன். வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு எழுதிய குறிப்புகளைத் தானே பைண்ட் செய்து அவருக்கு அனுப்பித்தான் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார்.

ஒரே ஃபாரத்தில் ஒரு நோட்டு செய்யச் சொல்லுங்கள். ஐந்தாறு தாளை ஒன்றாக மடித்து, கரண்டிக் காம்பால் மடிப்பை நீவ வேண்டும். விரித்து, மடிப்பின் நடுவில் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று என மூன்று துளை. நோட்டின் உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு நூல். உள்ளிருந்து நடுத்துளை வழியே ஊசி வெளியே வரட்டும். மேல்துளையில் உள்ளே போகட்டும். உள்பக்கமாகவே நீளமாக இறங்கிக் கீழ்த்துளையில் வெளியே வந்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே போகட்டும். நூலின் இரண்டு முனையும் அந்த நீள நூலின் இரு பக்கமும் இருக்க வேண்டும். அதைச் சேர்த்துப் பிடித்து முடிச்சு போட்டால் நோட்டு தயார். நூலை இழுக்கும்போது மடிப்பின் போக்கிலேயே இழுக்கச் சொல்லுங்கள், செங்குத்தாக இழுத்தால் துளை கிழியும்.

கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் கிரெயின் பெரும்பாலும் நீளவாக்கில் இருக்கும். இரண்டாக மடித்தால் மடிப்புக்குக் குறுக்கே போய்விடும். பழகுவதற்கு அது பரவாயில்லை. இரண்டாவது நோட்டுக்குப் பெரிய ஷீட்டாக வாங்கி, ஈரத் துணியால் கிரெயின் பார்த்து, அவளையே வெட்டச் சொல்லுங்கள்.