வேகத்தைக் குறைத்தால் மோட்டார் திணறுகிறதா?

கேள்வி: கன்வேயரில் உள்ள 3 ஃபேஸ், 4 போல் மோட்டாருக்கு வி.எஃப்.டி. டிரைவ் (மின்சாரத்தின் ஃப்ரீக்வென்சியை, அதாவது ஹெர்ட்ஸை, மாற்றி மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) போட்டோம். 50 ஹெர்ட்ஸில் நன்றாக ஓடுகிறது. 10 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் சரக்கோடு நின்றுவிடுகிறது, தொட முடியாத சூடு வேறு. விற்றவர் பெரிய டிரைவ் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

இந்த மோட்டாரின் வேகம் ஃப்ரீக்வென்சியைப் பொறுத்தது. 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1500 சுற்றை ஒட்டி ஓடுவது, 10 ஹெர்ட்ஸில் 300-ஐ ஒட்டித்தான் ஓடும். இழுக்கும் பலம், அதாவது டார்க், கிடைக்க வேண்டுமானால் உள்ளே காந்தப் புலம் கூடாமலும் குறையாமலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அதற்காக டிரைவ் வோல்டேஜையும் அதே விகிதத்தில் இறக்குகிறது: 50-க்கு 400 வோல்ட் என்றால் 10-க்கு 80. அந்தச் சொற்ப வோல்டேஜிலும் ஒரு பங்கைக் காயிலின் ரெசிஸ்டன்ஸ் தின்றுவிடுவதால் காந்தப் புலம் தளர்ந்து டார்க் குறைகிறது. கன்வேயர் நிற்காமல் என்ன செய்யும்?

உடனே ஒருவர் வந்து, குறைந்த வேகத்தில் வோல்டேஜைக் கூட்டிக் கொடுக்கும் 'டார்க் பூஸ்ட்' என்ற டிரைவ் அமைப்பை உச்சத்துக்கு ஏற்றிவிட்டுப் போவார். அன்றைக்கு ஓடும். அப்புறம் கரண்ட் ஏறி காயில் கருகும். மோட்டாரின் விசிறியும் அதே ஷாஃப்ட்டில்தானே இருக்கிறது, ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் அது எதைக் குளிர்விக்கும்? பெரிய டிரைவ் போட்டாலும் இதே மோட்டாருக்குள்தான் கூடுதல் கரண்ட் போகும். விற்றவருக்கு இது தெரியாமல் இருக்காது.

"பக்கத்து மோட்டார் 10 ஹெர்ட்ஸில் ஜம்மென்று ஓடுகிறதே" என்பீர்கள். அது காற்று விசிறியா, சென்ட்ரிஃபியூகல் பம்பா என்று பாருங்கள். அவற்றில் வேகம் பாதியானால் தேவைப்படும் டார்க் கால் பங்காகிவிடும், பவர் எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் சூடாவதில்லை. கன்வேயர் அப்படியல்ல; மெதுவாகப் போனாலும் சரக்கின் எடை அதேதான். விசிறியில் ஓடியதைக் காட்டி கன்வேயருக்கு டிரைவ் விற்பது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம்.

முதலில் நேம்பிளேட்டில் உள்ள வோல்டேஜ், ஆம்பியர், சுற்று எண்ணிக்கையை டிரைவில் சரியாகப் பதியுங்கள். பலரும் கம்பெனி வைத்த அளவையே விட்டுவிடுகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, மேனுவலை எழுதுகிறவர்கள் மனிதர்களுக்காக எழுதுவதில்லை. மோட்டார் ஆறியிருக்கும்போது ஆட்டோ-டியூன் (டிரைவ் தானே மோட்டாரை அளந்துகொள்வது) செய்து, வெக்டர் மோடு (காந்தப் புலத்தையும் டார்க்கையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் முறை) இருந்தால் அதற்கு மாற்றுங்கள். எப்போதும் மெதுவாகவே ஓட வேண்டுமென்றால் கியர்பாக்ஸ் விகிதத்தை மாற்றுவதே நல்லது: மோட்டார் 50 ஹெர்ட்ஸை ஒட்டியே ஓடும், பெல்ட்டுக்கு டார்க் கூடும். சில நேரம் மட்டும் என்றால், தனி மின்சாரத்தில் ஓடும் விசிறி ஒன்றை மோட்டாருக்குப் பொருத்துங்கள்.

கரண்டை டிரைவின் திரையிலேயே பாருங்கள். டிரைவின் அவுட்புட்டில் ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் தப்பாகக் காட்டலாம்.