ரிலே பேனலில் பிங் ஆகிறது, கண்ட்ரோல் ரூமிலிருந்து ஆகவில்லை. எங்கே பார்ப்பது?

பேனல் பக்கத்து ஸ்விட்ச்சில் லேப்டாப்பைச் செருகினால் ரிலே (மின்பாதையில் கோளாறு வந்தால் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் காவல் கருவி) பிங் ஆகிறது, கண்ட்ரோல் ரூமின் கண்காணிப்பு அமைப்பான ஸ்காடாவிலிருந்து ஆகவில்லை, கேட்வே (வேறு நெட்வொர்க்குக்குப் போகும் வாசலான ரவுட்டரின் முகவரி) சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன் என்கிறீர்கள். அப்படியானால் முதலில் சப்நெட் மாஸ்க்கை, அதாவது எந்த முகவரிகள் தன் நெட்வொர்க்கில் இருக்கின்றன என்று ரிலே கணக்கிட உதவும் எண்ணைப் பாருங்கள். இதே சிக்கலில் எனக்கு அரை நாள் போயிருக்கிறது.

ஓர் ஆலையில் 33 கேவி ஸ்விட்ச்கியர் கமிஷனிங். ரிலே 10.20.5.31, கேட்வே 10.20.5.1, ஸ்காடா சர்வர் 10.20.9.10. கேபிளை மாற்றினோம், ஸ்விட்ச் போர்ட்டை மாற்றினோம், ஃபயர்வால் விதிகளை மறுபடி படித்தோம். கடைசியில் ரிலே இருந்த போர்ட்டை மிரர் செய்து (அதில் போவது வருவதை நகலெடுத்து) வயர்ஷார்க் மென்பொருளில் பார்த்தபோதுதான் பிடிபட்டது. சர்வர் அனுப்பும் பிங் ரிலேவரை ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. ரிலேதான் "10.20.9.10 யார்?" என்று ஏஆர்பி (ஒரு ஐபி முகவரி எந்தக் கருவியுடையது என்று தன் நெட்வொர்க்கில் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி) அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த ஸ்விட்ச்சில் அதற்குப் பதில் சொல்ல யாருமில்லை.

மாஸ்க் 255.255.0.0 என்று இருந்தது. அந்தக் கணக்கில் 10.20 என்று தொடங்கும் எல்லா முகவரியும் ரிலேக்கு ஒரே தெரு. ஒரே தெருவில் இருப்பவரிடம் பேச கேட்வே எதற்கு? அதனால் கேட்வே சரியாக இருந்தும் ரிலே அதைத் தொடவே இல்லை. ஏஆர்பி பிராட்காஸ்ட் என்பதால் ரவுட்டர் அதை அடுத்த சப்நெட்டுக்குக் கடத்தாது. மாஸ்க்கை 255.255.255.0 ஆக்கியதும் 10.20.5-ம் 10.20.9-ம் வேறு வேறு நெட்வொர்க் என்று ரிலேக்குப் புரிந்தது, பதில் போகத் தொடங்கியது. போகும் வழியை மட்டும் சோதிக்காதீர்கள், திரும்பும் வழி ரிலேயின் கையில்தான் இருக்கிறது.

எஸ்இஎல் நிறுவனத்தின் ரிலேக்களில் கேட்வே 'டிஃபால்ட் ரவுட்டர்' என்ற பெயரில் இருக்கும், தேடிக் குழம்ப வேண்டாம். இரண்டு ஈதர்நெட் போர்ட்டுகளைத் தனித்தனி முகவரியோடு பயன்படுத்தினால் இரண்டுக்கும் ஒரே சப்நெட் கொடுக்காதீர்கள். ஃபெயில்ஓவர் (ஒரு போர்ட் போனால் மற்றது ஏற்பது), பிஆர்பி (இரண்டு போர்ட்டிலும் ஒரே தகவலை அனுப்புவது) முறைகளில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே முகவரிதான், அது வேறு கதை.

ரிலேக்களுக்கிடையே கூஸ் (ரிலேக்கள் தங்களுக்குள் நேரடியாக அனுப்பும் வேகமான செய்தி) ஒழுங்காக ஓடுகிறது என்பதை ரவுட்டிங்குக்குச் சாட்சியாக எடுக்காதீர்கள். வழக்கமான கூஸ் ஈதர்நெட் மல்டிகாஸ்ட்டில் போகிறது, ஐபி முகவரியே அதற்குத் தேவையில்லை. கேட்வே தப்பாக இருந்தாலும் கூஸை நம்பியிருக்கும் இன்டர்லாக் (தவறான இயக்கத்தைத் தடுக்கும் பூட்டு) வேலை செய்யும்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு. ஃபீடர் (ரிலே காக்கும் மின்பாதை) ஓடும்போது ஐபி செட்டிங்கை மாற்றி அனுப்பாதீர்கள். சில ரிலேக்கள் நெட்வொர்க் செட்டிங் மாறியதும் முழுதாக ரீஸ்டார்ட் ஆகும், அந்தச் சில நொடிகள் ஃபீடருக்குக் காவல் இருக்காது. உங்கள் ரிலேயின் மேனுவலில் இதைப் படித்துவிட்டு, ஆபரேஷன் ஆட்களிடம் அனுமதி வாங்கி, ட்ரிப் லிங்க்கை (ரிலேயிலிருந்து பிரேக்கருக்கு ட்ரிப் கட்டளை போகும் இணைப்பை) திறந்துவிட்டுச் செய்யுங்கள். முடித்ததும் லிங்க்கை மூடியதை இரண்டு பேர் பாருங்கள்.

பிங் வந்ததோடு நிறுத்த வேண்டாம். ஃபயர்வால் பிங்கை விட்டுவிட்டு மற்றதைத் தடுக்கலாம். ஸ்காடா ரிலேயோடு பேசும் மொழி 61850 எம்எம்எஸ் என்றால் டிசிபி போர்ட் 102, ஐஇசி 104 என்றால் டிசிபி போர்ட் 2404 திறந்திருக்கிறதா என்று பாருங்கள். டைம் சர்வர் வேறு சப்நெட்டில் இருந்தால் நேரத்தைக் கொண்டுவரும் யுடிபி போர்ட் 123-உம் அதே கேட்வே வழியாகத்தான் போக வேண்டும், ரிலேயின் கடிகாரத்தையும் ஒருமுறை சர்வரோடு ஒப்பிட்டுவிடுங்கள்.