கொரியனுக்கும் நமக்கும் என்ன முறை? – வாசகர் கேள்விகள்

*கொரியத் தொடர்களில் அப்பாவை 'அப்பா' என்றே கூப்பிடுகிறார்கள். புல்லுக்கு அங்கேயும் 'புல்' தானாம். அப்படியென்றால் கொரிய மொழி தமிழிலிருந்து போனதுதானே?*
– கல்லூரி மாணவி, திருச்சி

முதலில் அந்த 'அப்பா'வை ஒதுக்கி வைப்போம். குழந்தைக்கு எளிதில் வாயில் வருவது உதடு ஒட்டிப் பிரிகிற ம, ப ஒலிகள். அது ஏதோ மழலையில் சொல்லும். தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று பெற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். உலகம் முழுக்க இதே கதைதான். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா! அதனால் இந்தச் சொற்களை வைத்து யாரும் மொழிக்கு உறவு பேசுவதில்லை.

புல் சுவையான விஷயம். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். ஆனாலும் மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. ஏன் என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். புல்லோடு பல், பூ, பத்து மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். கொரியத்தில் பல்லுக்கு 'இ', பூவுக்கு 'கொட்', பத்துக்கு 'யொல்'. புல்லைத் தவிர எதுவும் பொருந்தவில்லை. இப்போது கன்னடத்தை எடுங்கள்: ஹுல்லு, ஹல்லு, ஹூ, ஹத்து. சொல்லின் தொடக்கத்தில் நாம் ப சொல்லும் இடத்தில் அவர்கள் ஹ சொல்கிறார்கள். பழைய கன்னடக் கல்வெட்டுகளில் இதே சொற்களுக்கு ப-தான் இருக்கிறது, பிற்காலத்தில்தான் மாறியது.

நான் ஓசூரில் வளர்ந்தவன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பால், அடுத்த வீட்டில் ஹாலு, எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர்களுக்குப் பாலு. தமிழுக்கும் கன்னடத்துக்கும் உறவு உண்டு என்பதற்கு 'பால்–ஹாலு' என்ற வேறுபாடே எனக்குப் பெரிய சாட்சி. ஒரே மாதிரி இருக்கும் சொல் தற்செயலாகவும் அமையும், கடனாகவும் வரும். ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் ம்பபாரம் மொழியில் நாய்க்கு 'டாக்' என்று பெயர். ஆங்கிலத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் சொல்லுக்குச் சொல் ஒரே முறையில் வேறுபடுவது தற்செயலாக நடக்காது.

வினைச்சொல் கடைசியில் வருவது கொரியத்திலும் உண்டு என்று சிலர் சொல்வார்கள். துருக்கியிலும் ஜப்பானியத்திலும்கூட உண்டு. வாக்கிய அமைப்பு ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது.

*கன்னடமும் தெலுங்கும் தமிழின் பிள்ளைகள் என்றே எங்கள் காலத்தில் படித்தோம். இப்போது சகோதரிகள் என்கிறீர்கள். எதை வைத்து?*
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி

காதை வைத்து, ஐயா. நம் செவி கன்னடத்தில் கிவி. நீலகிரியில் கோத்தர்கள் பேசும் மொழியில் கெவ். பலுசிஸ்தானத்தில் பேசும், நம் குடும்பத்தையே சேர்ந்த பிராகுயி மொழியில் 'கஃப்', தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு க. கன்னட நாடு, நீலகிரி, வெகுதொலைவில் பலுசிஸ்தானம் என மூன்று இடங்களில் க இருக்கிறது. மூன்றும் தனித்தனியாக ச-வைக் க-வாக மாற்றின என்பதைவிட, பழைய ஒலியே க, அதை ச ஆக்கியது தமிழ் என்பதுதான் பொருந்துகிறது. நம் சிறுவிரல் கன்னடத்தில் கிருபெரளு. இகரமும் எகரமும் பின்னால் வந்தால் நாம் க-வை ச ஆக்கியிருக்கிறோம்.

அப்படியானால் கிளி ஏன் சிளி ஆகவில்லை, கெடு ஏன் செடு ஆகவில்லை என்று கேட்பீர்கள். இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கிளி, கெடு, கிணறு, கேள், கிழவன் – உயிருக்கு அடுத்து வரும் மெய்யைப் பாருங்கள். ள, ட, ண, ழ. எல்லாமே நாக்கை மேலே மடித்துச் சொல்லும் ஒலிகள். அவை வரும் சொற்களில் தமிழ் க-வை விடவில்லை. தெலுங்குக்கு இந்த விலக்கு இல்லை. அங்கே கிளி சிலுக ஆயிற்று, கெடு செடு ஆயிற்று. மொழியியலாளர் தாமஸ் பர்ரோ 1943-ல் இதை விதியாக எழுதினார். கீரை மாதிரி சில சொற்கள் அடங்காமல் நிற்கின்றன. அவற்றுக்குத் தனியாக விளக்கம் தேட வேண்டும்.

ஆக, காது விஷயத்தில் பழையதைக் காப்பாற்றியது கன்னடம். மழை விஷயத்தில் நாம்: கன்னடத்தில் அது மளெ, ழ போய்விட்டது. தாயிடம் இருந்தது ஒன்று இவளிடமும் இன்னொன்று அவளிடமும் தங்கியிருந்தால் இருவரையும் சகோதரிகள் என்றுதானே சொல்ல வேண்டும்? மலையாளம் நம்மோடு வெகுகாலம் சேர்ந்திருந்து பிறகு பிரிந்தது. அதனால்தான் அங்கும் செவி. இப்படிச் சொல்வது தமிழுக்குக் குறை என்று வருந்துபவர்களை எனக்குத் தெரியும். வருந்த வேண்டியதில்லை. இந்தக் குடும்பத்தில் இலக்கியம் நமக்குத்தான் முந்தியது. சங்கப் பாடல்களைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இந்த ஒப்பீட்டில் யாரும் வெகுதூரம் போக முடியாது.

*திராவிட மொழிக் குடும்பத்தைக் கண்டுபிடித்தவர் கால்டுவெல்தானே? போட்டித் தேர்வுக்குக் கேட்கிறேன்.*
– விருதுநகர் வாசகர்

தேர்வில் கால்டுவெல், 1856, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் என்று எழுதுங்கள். குடும்பத்துக்கு அந்தப் பெயரை நிலைநிறுத்தியவர் அவர். ஆனால் 1816-லேயே சென்னை கலெக்டர் எல்லிஸ், கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்பகுதியில் ஒரு குறிப்பாக இந்த உறவை நிறுவிவிட்டார். தெலுங்கு வேர்ச்சொற்களைச் சமஸ்கிருத வேர்களோடு வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. தமிழ், கன்னட வேர்களோடு வைத்தார், ஒட்டின. தெலுங்கு வேர்களுக்கு அவர் நம்பியிருந்தது பட்டாபிராம சாஸ்திரியின் தொகுப்பை. அந்தப் பண்டிதரின் பெயரும் பாடநூலில் ஏற வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

*வேலை மாற்றலில் பெங்களூரு வந்திருக்கிறேன். வயது 41. கன்னடம் வருமா?*
– வங்கி ஊழியர், பெங்களூரு

வரும். பாதிக் கன்னடம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ப-வை ஹ ஆக்குவது மேலே சொன்னேன். அடுத்து, சொல்லின் தொடக்கத்தில் வ வந்தால் 'பஸ்' என்னும்போது வருகிற ப போடுங்கள்: வெள்ளி பெள்ளி, வேர் பேரு, விலை பெலெ, வேண்டும் பேக்கு, வேண்டாம் பேடா. கடைசி ஐ எ ஆகும்: தலை தலெ, இலை எலெ. வாழை என்ன ஆகும் என்று முதலில் நீங்களே சொல்லிப் பார்த்துவிட்டுக் கடையில் கேளுங்கள். பாளெ.

இது பழைய சொற்களுக்கு மட்டும்தான். புஸ்தக, பத்ரிகெ, பரீட்செ போன்ற வடசொற்களில் ப அப்படியே நிற்கும். ஹுஸ்தக என்று சொல்லிவிடாதீர்கள். பொருளும் சில இடங்களில் நகர்ந்திருக்கும். 'மனெ' நம் மனைதான், ஆனால் அங்கே அது கட்டி முடித்த வீடு.

வினைச்சொல்லின் முடிவுகளுக்கு இந்தக் கணக்கு உதவாது. அவற்றைக் காதால்தான் பிடிக்க வேண்டும். கவுன்ட்டருக்கு வரும் வாடிக்கையாளரிடம் தினமும் நாலு வாக்கியமாவது பேசுங்கள். 'வா' என்பது 'பா' ஆகும் என்று தெரிந்த கையோடு பெரியவர்களைப் 'பா' என்று கூப்பிட வேண்டாம். மரியாதைக்கு 'பன்னி' என்று இருக்கிறது, நம் 'வாங்க'. நம் காதுக்கு வேறு மாதிரி கேட்கிறதே என்று தயங்காமல் சொல்லுங்கள்.